இருபத்திரண்டு ‘இல்லை’

“விடுடி! கிழிஞ்சிடப் போகுது!”

ஃபைலின் ஒரு முனை வகுப்பு லீடர் கையில், மறுமுனை கூடப் படிக்கும் அவள் கையில். பேராசிரியை அறை வாசலிலேயே இழுபறி. மணி பத்து ஐம்பது. பதினொன்றுக்குச் சுகாதாரத் துறை அதிகாரி வந்து ஃபைலை வாங்கிப் போய்விடுவார். எந்தத் தெருவுக்கு முதலில் குடிநீர்க் குழாய் மாற்றுவது என்பது அதை வைத்துத்தான் முடிவாகும்.

‘உலக சுகாதார அடிப்படைகள்’ வகுப்பின் முதல் களப்பணி இது. வீடு வீடாகப் போய், போன மாதம் யாருக்காவது வயிற்றுப்போக்கு வந்ததா என்று கேட்டு எழுத வேண்டும். நோய் இருக்கிற தெருவுக்கு வகுப்பே திரண்டு போய்ச் சோதனைக்குத் தண்ணீர் எடுக்கும். அவள் எடுத்துக்கொண்டது ஆலைக்குப் பின்னால் இருக்கும் தெரு. இருபத்திரண்டு வீடு. இருபத்திரண்டிலும் ‘இல்லை’.

“அது அத்தனையும் பொய்டா. உண்மையான தாள் இதோ இருக்கு. பதினாலு வீட்ல நோய். மாத்தி வெச்சுடறேன், விடு!”

லீடருக்குத் தூக்கிவாரிப் போட்டது. “பொய்யா? கீழ நானும்ல கையெழுத்துப் போட்டிருக்கேன்! அந்தத் தெருவுக்குப் போகவே இல்லையா நீ?”

“தினமும் போறேன்.”

“என்ன உளர்றே?”

“பதினோராம் நம்பர் வீட்டுக் குட்டிப் பொண்ணு ஆஸ்பத்திரியில கிடக்கா. கண்ணு உள்ள போயிடுச்சு. மூணாவது பாட்டில் ஏறுது. காலையில போன் வந்துச்சு.”

கதவு திறந்தது. “என்ன சத்தம் இங்க?” பேராசிரியை.

லீடர் வாயைத் திறப்பதற்குள் அவளே எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். பேராசிரியையின் முகம் இறுகியது.

“பொய்க் கணக்குக்கு ஒரு வருஷப் படிப்பே போயிடும். தெரியும்ல?”

“தெரியும் மேடம். அந்தத் தெரு குழாய் மாத்துற பட்டியல்ல வந்தா போதும்.”

“தெரிஞ்சும் ஏன் எழுதினே?”

அவள் லீடரைப் பார்த்தாள். “போர்டுல தெருப் பேரெல்லாம் ஒட்டின அன்னிக்கு நீ என்ன சொன்னே, ஞாபகம் இருக்கா?”

இருந்தது. ‘அந்த நாத்தத் தெருவுக்குப் போறவங்க குளிச்சிட்டுத்தான் கிளாஸுக்குள்ள வரணும்!’ வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. எல்லாரையும்விட உரக்கச் சிரித்தவள் இவள்தான். சிரிப்பு அடங்குவதற்குள், ‘அதை நான் பாத்துக்கறேன்’ என்று முன்வந்தவளும் இவள்தான். தங்கமான பொண்ணு என்று அவன் நினைத்துக்கொண்டான்.

“நோய் இருக்குன்னு எழுதினா நீங்க எல்லாரும் வந்து நிப்பீங்க. எங்கம்மா வாசல்லேர்ந்து என்னைக் கூப்பிடுவாங்க. நீ பார்ப்பே.” கையிலிருந்த தாளை அவன் முன் நீட்டினாள். “பதினொண்ணு எங்க வீடுடா. பாட்டில் ஏறுறது என் தங்கச்சிக்கு.”

படிக்கட்டில் அதிகாரியின் ஷூ சத்தம் ஏறி வந்தது. லீடர் ஃபைலை விட்டான். அவள் கையிலிருந்த தாளை வாங்கி, சுவரில் வைத்து, பதினாலு ‘ஆம்’களுக்குக் கீழே கையெழுத்துப் போட்டான்.

“பொய்யை எழுதினது இவ. எழுத வெச்சது நான், மேடம். ஒருத்தரைப் பார்த்துச் சிரிச்சா அவங்க நோயைச் சொல்ல மாட்டாங்க, மறைப்பாங்க. உலகத்துச் சுகாதாரத்துக்கு முதல் பாடமே அதுதான்.”