மனப்பாடம் செய்த அப்பா

மூன்றாவது டேக்கும் கெட்டது. இயக்குநர் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்.

“சார், நீங்க ஏன் முந்திரிக்கொட்டை மாதிரி முன்னாடியே பேசறீங்க? பாருங்க, அந்தப் பொண்ணும் உங்க வசனத்தையே சொல்லுது.”

டி.வி. தொடரில் அப்பாவாக நடிப்பவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இங்கே உதவி இயக்குநர் கேமராவுக்குப் பின்னால் நின்று வசனத்தை வரிவரியாக வாசிப்பார். நடிகர்கள் கிளிப்பிள்ளையாகத் திருப்பிச் சொல்வார்கள். குரல் பிறகு டப்பிங்கில் சேரும். மகளாக நடிக்கும் பெண்ணோ காதில் எது விழுந்தாலும் சொல்லிவிடுவாள். சற்று முன்புகூட அவரைப் பார்த்து, “நான் உன்னைப் பெத்த அப்பன்டி” என்று கண்ணீர் விட்டாள்.

அவர் பன்னிரண்டு வருடம் மேடை நாடகத்தில் ஊறியவர். நேற்றும் மனைவி துணி மடித்தபடி மகளின் வசனத்தைப் படிக்க, தம்முடையதைச் சொல்லிப் பார்த்திருந்தார். மேடையில் வசனத்தை மறந்தால் மானம் போகும். இங்கே மறக்காவிட்டால் வேலையே போகும் போலிருக்கிறது.

“இன்னொரு தடவை முந்தினீங்கன்னா, அப்பா வெளிநாடு போயிட்டாருன்னு ஒரே வரியில முடிச்சிடுவேன்” என்றார் இயக்குநர்.

“வசனத்தை யோசிச்சு, உள்வாங்கிப் பேச வேணாமா தம்பி?” என்றார் அவர்.

“இன்னும் ஒம்பது சீன் இருக்கு சார். யோசிக்கறதுக்கெல்லாம் நேரமில்ல.”

நான்காவது டேக். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தார். உதவி இயக்குநர் வாயைத் திறந்தார், காற்றுதான் வந்தது. காலையிலிருந்து கத்தியதில் தொண்டை கட்டிவிட்டது. கேமரா ஓடிக்கொண்டிருக்க, மகள் திருதிருவென்று விழித்தாள்.

அவருக்குப் பொறுக்கவில்லை. மேடையில் சக நடிகரைக் காப்பாற்றும் பழைய வித்தைதான். அவள் கையைப் பிடித்து அழுத்தி, அவள் வரியை உதடு அசையாமல் முணுமுணுத்தார். அவள் சொன்னாள். கையைத் தளர்த்தித் தம் வரியைச் சொன்னார். அழுத்தினால் திருப்பிச் சொல், தளர்த்தினால் பேசாதே என்று அவளுக்கும் பிடிபட்டது. மறுபடி அழுத்தல், மறுபடி தளர்த்தல். காட்சி தடங்கலில்லாமல் முடிந்தது. லைட் போடுகிறவர்கூடக் கைதட்டினார்.

இயக்குநர் ஓடிவந்தார். “இத்தனை நாள் உங்களை வீணடிச்சிட்டேன் சார்.”

அவர் நெஞ்சு நிமிர்ந்தது.

“நாளையிலேருந்து நீங்கதான் எல்லாருக்கும் வசனம் வாசிக்கறீங்க. அப்பா வெளிநாடு போகட்டும்.”

அவர் வேனில் ஏறியதும் மனைவி போனில் கேட்டாள்: “நாளைக்கு யாரு வசனத்த நான் படிக்கணும்?”

“நீ ஒண்ணும் படிக்க வேணாம். எல்லாருடையதையும் நானே படிக்கறேன்” என்றார் அவர். “என்னோடதுதான் இல்ல.”