வீரலட்சுமி வண்டியின் பின்சக்கரம்

பட்டாசுக் கம்பெனியில் விபத்து நடக்கவிருக்கும் நாளில் வீரலட்சுமியின் ஸ்கூட்டர் பின்சக்கரம் சுற்றுவதில்லை. இன்ஜின் ஓடும், உள்ளே பெல்ட்டும் ஓடும். சக்கரம் மட்டும் மண்ணைப் பிடித்துக்கொண்டு நிற்கும். முதல் தடவை, கம்பெனிக்கு வேலைக்குப் போகிற வழியில், வெம்பக்கோட்டை விலக்கில் அது நின்றபோது அவள் வண்டியை உதைத்துத் திட்டினாள். அன்று மருந்து கலக்கும் அறை வெடித்துப் போனது. அடுத்த தடவை நின்றபோது மறுபேச்சில்லாமல் வீட்டுக்குத் திரும்பினாள். அன்றும் ஓர் அறை போனது. அதிலிருந்து அந்த ஊரில் கம்பெனி வேன் ஏறுகிற பெண்கள், "சுத்துதா மதினி?" என்று அவளிடம் கேட்டுவிட்டுத்தான் சோற்றுத்தூக்கை எடுத்தார்கள்.

தீபாவளி சீசனில் இது போர்மேன் பாலகுருவுக்கு எரிச்சலாக வந்தது. வேலைக்கு வரப் பிடிக்காதவளுக்கு வண்டிச் சக்கரமும் ஒரு சாக்கு என்றார். கம்பெனி செலவிலேயே சக்கரத்தை மாற்றச் சொல்லி, திருத்தங்கல் மெக்கானிக் கருத்தப்பாண்டியை அனுப்பினார். பெல்ட் வண்டியாயிற்றே, எல்லாவற்றையும் பிரித்துப் போட்டுவிடுவாரோ என்று வீரலட்சுமிக்குப் பயம். அவரோ பெல்ட் இருக்கிற பக்கம் போகவே இல்லை. நடு ஸ்டாண்டைப் போட்டு, சைலன்சரைக் கழற்றி, அச்சு நட்டைத் திருகி எடுத்து, சக்கரத்தை வலது பக்கமாக உருவினார். வாங்கிக் கொடுத்த டீ ஆறுவதற்குள் புதியதைச் சொருகி முறுக்கியும் விட்டார். புதுச் சக்கரம் எல்லா நாளும் சுற்றியது, ஆகவே அதனால் யாருக்கும் பிரயோஜனமில்லை. பழையதை வீரலட்சுமி ஒரு கம்பியில் கோத்து வாசல் வேப்பமரக் கவட்டையில் மாட்டினாள். பெண்கள் காலையில் அதைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் போனார்கள்.

புரட்டாசிக் கடைசியில் ஒருநாள் அது சுற்றவில்லை. அதற்குள் முதல் நடை வேன் பக்கத்து ஊர் ஆட்களோடு போய்விட்டிருந்தது. பேக்கிங் வேலை பார்க்கும் பாலகுருவின் மகள் அழகுமீனாவும் அதில் போயிருந்தாள். உள்ளே யாரும் போன் கொண்டுபோக முடியாது. வீரலட்சுமி கேட் வாட்ச்மேன் நாகையாவைப் போனில் கூப்பிட்டாள். போர்மேன் சொல்லாமல் ஆட்களை வெளியே விட முடியாது என்று அவர் வைத்துவிட்டார். இரண்டாம் நடைக்கு ஒருத்தியும் ஏறவில்லை என்று கேள்விப்பட்டு, பாலகுரு பைக்கில் கத்திக்கொண்டே வந்து இறங்கினார். சக்கரத்தை ஒரு கையால் சுற்றிப் பார்த்தார். எண்ணெய் விட்டுப் பார்த்தார். இரண்டு கையாலும் பிடித்துத் தொங்கினார். பிறகு முகம் வெளுத்துப்போய் நாகையாவுக்குப் போன் போட்டார்.

"ஏலே நாகையா, எம் மகள மட்டும் வெளிய அனுப்பு. ஏன் எதுக்குன்னு யார்ட்டயும் சொல்லாத."

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தானே தெரியும். வீரலட்சுமி அவருக்கு எதிரே வந்து நின்றாள்.

"அங்கன இருக்கிறது அம்புட்டும் பெத்த பிள்ளைகதான் அண்ணாச்சி."

பாலகுரு அவளைப் பார்த்துக்கொண்டே போனில், "எல்லாரையும் விடுலே" என்றார்.

பேக்கிங் அறை போனபோது உள்ளே அட்டைப் பெட்டிகள் மட்டும் இருந்தன.

இப்போது அந்தச் சக்கரம் கம்பெனி வாசலில், உடம்பிலுள்ள மின்சாரம் இறங்குவதற்காக ஆட்கள் தொட்டுவிட்டுப் போகும் செம்புத் தகட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. காலையில் முதல் ஆளாகச் சுற்றிப் பார்ப்பவர் பாலகுரு. சோதனைக்கு வருகிற அதிகாரிகளும் தகட்டைத் தொட்டு, சக்கரத்தையும் ஒரு தட்டுத் தட்டிவிட்டே உள்ளே போகிறார்கள். லோடு தாமதமானால் வெளியூர் வியாபாரிகளிடம் சக்கரம் சுற்றவில்லை என்று சொன்னால் போதும். நாளைக்குச் சுற்றுமா என்று மட்டும் கேட்டுவிட்டு அவர்கள் போனை வைத்துவிடுகிறார்கள்.