சனத்நகர் சர்வர்

உஷா கரூர்க்காரி. ஹைதராபாத் வந்து இரண்டு வருடமாகிறது. நிஜாம்பேட்டையில் ஒற்றைப் படுக்கையறை வீட்டில் தனியாக இருந்தாள். மருந்து விநியோகம் செய்யும் கம்பெனி ஒன்றில் சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை. பெரும்பாலும் வீட்டிலிருந்தேதான். வாரத்தில் இரண்டு நாள் மட்டும் வெளியே போயாக வேண்டும்.

கம்பெனிக்கு நகரைச் சுற்றி ஏழு குளிர்கிடங்குகள், ஒவ்வொன்றிலும் ஒரு சர்வர். குளிர் எத்தனை டிகிரி, கதவை எப்போது திறந்தார்கள், யார் கார்டைக் காட்டி உள்ளே வந்தார்கள் என்று அது நாள் முழுக்க வரிவரியாக எழுதிக்கொண்டே இருக்கும். அதற்குத்தான் லாக் என்று பெயர். ஏழு இடத்து லாக்கையும் சேர்த்து வைத்துப் பார்த்தால்தான் ஒரு பெட்டி மருந்து கெடாமல் போய்ச் சேர்ந்ததா என்று தெரியும். செவ்வாயும் வெள்ளியும் உஷா ஸ்கூட்டரில் போய், ஹார்ட் டிஸ்கைச் செருகி, எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு வருவாள். வெள்ளிக்கிழமை கடைசியாக சனத்நகர்.

அங்கே ஜெமிமா இருந்தாள். வயது ஐம்பத்து மூன்று. செகந்திராபாத்திலேயே பிறந்து வளர்ந்தவள், குடும்பம் பாளையங்கோட்டைப் பக்கம். மணிக்கொரு தரம் குளிர் அளவைப் பார்த்து ரிஜிஸ்டரில் எழுதுவது அவள் வேலை. அவள் தமிழில் ஹைதராபாத் உருது கலந்திருக்கும்: ‘ஏன்’ என்பதற்குக் ‘கைக்கு’, ‘ஆமாம்’ என்பதற்கு ‘ஹவ்’, ‘வேண்டாம்’ என்பதற்கு ‘நக்கோ’.

“என்ன பிள்ளே, கைக்கு இவ்ளோ லேட்டு? குழம்பு ஆறிப்போச்சு.”

“பாலாநகர்ல டிராஃபிக்குங்கக்கா.”

“சரி, கையைக் கழுவிட்டு வா.”

லாக்கை நகலெடுக்க இருபது நிமிடம் பிடிக்கும். அதற்குள் இருவரும் சாப்பிட்டு முடிப்பார்கள். ஜெமிமா தன் மகள் பிளெசியைப் பற்றிச் சொல்வாள்: தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில், திட்டினால் தெலுங்கில் பதில். உஷா சிரிப்பாள். வாரத்தில் அவள் வாய்விட்டுப் பேசுகிற தமிழ் அவ்வளவுதான்.

ஜூன் மாதம் ஒரு சனிக்கிழமை ஜீடிமெட்லா கிடங்கில் குளிரூட்டி நின்றுபோய், தடுப்பூசிப் பெட்டிகள் கெட்டுவிட்டன. விஷயம் லாக்கில் தெளிவாக இருந்தது. ஆனால் அந்த லாக் செவ்வாய்க்கிழமைதான் உஷாவின் கைக்கு வந்தது.

“இனிமே லாக் தானா வந்து சேரணும்,” என்றான் மேனேஜர் ரஞ்சன், இங்கிலீஷில். “யாரும் போய் எடுக்கற வேலையே இருக்கக் கூடாது. பதினஞ்சு நாள் போதுமா?”

போதும் என்றாள். ஒன்பது நாளில் முடித்தாள். ஒவ்வொரு சர்வரிலும் சின்ன புரோகிராம் ஒன்று உட்கார்ந்துகொண்டு, எழுதிய வரியை எழுதியவுடன் அனுப்பிவிடும். நெட் போனால் பிடித்து வைத்திருந்து பிறகு அனுப்பும். சனத்நகர் சர்வரின் கடிகாரம் நாலு நிமிடம் முந்தி ஓடிக்கொண்டிருந்தது, அதையும் திருத்தினாள். வேலை சுத்தமாக இருந்தது. அவளுக்கு அதில் பெருமையும் இருந்தது.

கடைசி வெள்ளியன்று ஜெமிமா எட்டிப் பார்த்து, “என்னமோ புதுசா ஏத்துற?” என்று கேட்டாள்.

“சின்ன அப்டேட்டுங்கக்கா.”

“அடுத்த வெள்ளி கோழி கொண்டாரேன்.”

“சரிங்கக்கா.”

இனி வரமாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. வீட்டுக்குப் போய் போனில் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். அன்று போடவில்லை, மறுநாளும் போடவில்லை. ஒரு வாரம் தள்ளியபின் எப்படி ஆரம்பிப்பது என்றே தெரியவில்லை.

அதன்பிறகு ஏழு கிடங்கும் அவள் வீட்டுத் திரையில் ஓடின. காலை ஒன்பது மணிவாக்கில் சனத்நகரைத் திறந்து ஜெமிமாவின் கார்டு வரியைத் தேடுவாள். 8:58. 9:04. மதியம் சாப்பாட்டு அறைக் கதவுக்கு இன்னொரு வரி வரும், 1:10 அல்லது 1:15. அதைப் பார்த்ததும் உஷாவும் எழுந்துபோய் தயிர் சோறு போட்டுக்கொள்வாள். முதல் இரண்டு வெள்ளியும் அந்த வரி இரண்டு மணிக்கு மேல்தான் வந்தது. லோடு வந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

ஆகஸ்டில் ஒரு திங்கட்கிழமை ஜெமிமாவின் வரி வரவில்லை. செவ்வாய், புதன் வரவில்லை. காய்ச்சலாக இருக்கும். அடுத்த வாரமும் வராமல்போகவே, வியாழனன்று ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

கேட்டிலேயே வாட்ச்மேன் தெலுங்கில் சொல்லிவிட்டார். ரிஜிஸ்டர் எழுதுகிற ஏழு பேரையும் நிறுத்தியாகிவிட்டது. லாக்தான் தானாகவே போகிறதே, இனி எதற்கு?

உஷா ஸ்கூட்டர் பக்கத்தில் நின்றபடியே போன் போட்டாள்.

“அக்கா, நான் உஷா.”

“தெரியுது. நம்பர் இருக்கு.”

“எனக்குத் தெரியாதுங்கக்கா. இப்பதான் வாட்ச்மேன் சொன்னாரு.”

“ஹவ், எல்லாரையும் எடுத்துட்டாங்க. நீ பண்ணது நல்லா ஓடுதுன்னு சொன்னாங்க.” குரலில் குத்தல் இல்லை. அதுதான் உஷாவுக்குத் தாங்கவில்லை.

“மன்னிச்சுக்கங்கக்கா.”

“வேலை போனதுக்கா? நீ இல்லேன்னா இன்னொருத்தி பண்ணியிருப்பா. சர்ச் ஸ்கூல் ஆபீஸ்ல கேட்டிருக்கேன், பார்ப்போம்.” அந்தப் பக்கம் மிக்ஸி ஓடி நின்றது. “ரெண்டு வெள்ளி கோழி பண்ணிக் கொண்டுபோனேன் பிள்ளே. ரெண்டு மணி வரைக்கும் சாப்பிடாம பார்த்துக்கிட்டிருந்தேன். இனி வரலேன்னு ஒரு வார்த்தை. கைக்கு சொல்லல?”

இரண்டு வெள்ளியும் அந்த இரண்டு மணி வரி உஷாவின் கண்ணெதிரே வந்து போயிருக்கிறது.

“இப்ப வீட்டுக்கு வரட்டுங்களாக்கா?”

“இன்னிக்கு நக்கோ. அவரு தங்கச்சி வந்திருக்கா. அப்புறம் சொல்றேன்.”

எப்போது என்று சொல்லாமலே வைத்துவிட்டாள். வாட்ச்மேன் வருகைப் புத்தகத்தை நீட்டி உள்ளே போகிறீர்களா என்று கேட்டார். உஷா இல்லையென்று தலையை ஆட்டிவிட்டு ஸ்கூட்டரைத் திருப்பினாள்.

மறுநாள் காலை மீட்டிங்கில் ரஞ்சன் அவள் பெயரைச் சொல்லி, ஏழு சர்வரும் சரியாக இருக்கிறதா என்று கேட்டான். தொண்டையை இரண்டு முறை செருமிய பிறகுதான் உஷாவுக்குக் குரல் வந்தது. அந்த போனுக்குப் பிறகு அவள் யாரோடும் பேசியிருக்கவில்லை.

“எல்லாம் வந்துட்டிருக்கு,” என்றாள்.