மாராள் கேட்ட பேர்

ஸ்பிரிங்வெளிக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டத்தில், ஞானஸ்நானத்தில் வைக்கிற பேர் பலித்துவிடும். ஈசாக்கு என்றால் எபிரேயத்தில் சிரிப்பு. அந்தப் பேருள்ள கங்காணி தகப்பனைப் புதைத்த அன்றும் சிரித்துக்கொண்டேதான் மண் போட்டார், கண்ணில் மட்டும் தண்ணீர் கொட்டியது. யோனா என்றால் புறா, அந்தப் பேர்க்காரன் வீட்டுத் தகரத்தில் புறா உட்காராத நாளில்லை. நோவா, காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டில் பேர் கூப்பிடும்போதே நின்றபடி தூங்கிவிடுவான். இளைப்பாறுதல் என்று அர்த்தமாகிற பேரை வைத்துவிட்டு அவனை ஏசி என்ன பிரயோசனம்? ஆகவே மற்றவர்கள் சாதகம் பார்க்கிற மாதிரி, இங்கே பிள்ளை பிறந்தால் தம்பையா உபதேசியாரிடம் போய்ப் பேர் பார்ப்பார்கள். வேதத்துப் பேர்களின் அர்த்தமெல்லாம் எழுதிய கொப்பி ஒன்று அவரிடம் இருக்கிறது.

மாராளுக்கு மட்டும் யாரும் பேர் பார்க்கவில்லை. அவள் வயிற்றில் இருந்தபோதே கொழுந்து மலையில் குளவி கொட்டி அப்பா செத்துப்போனார். போதகர் பேர் கேட்டதும், அழுது வீங்கிய முகத்தோடு அவளைப் பெற்றவள் வேதத்தில் வரும் ஒரு துக்கக்காரியின் பேரைச் சொல்லிவிட்டாள். மாராள் என்றால் கசப்பு. அன்று முதல் அவள் கைபட்டதெல்லாம் கசந்தது. அவள் கிள்ளிய கொழுந்து மற்றவர்களின் கொழுந்தையும் கெடுக்கிறது என்று அவளைப் புல்லுவெட்டுக்கு மாற்றினார்கள். அவளைக் கட்டிக்கொண்ட கிரிஷாந்தன் கலியாணத்துக்கு முன்பே சமைக்கப் பழகிக்கொண்டான், நல்ல மனுசன்.

பெண் பிள்ளை பிறந்தது. முதல் வாய்ப் பாலையே துப்பியது. மாவுப்பால் கரைத்தாலும் மாராள் கையில் கசந்தது. பெரகலையிலிருந்து வந்திருந்த கிரிஷாந்தனின் தங்கை தயானி கரைத்துக் கொடுத்தால் மடமடவென்று குடித்தது. தயானிக்குப் பிள்ளையில்லை. ஞானஸ்நானம் முடிந்ததும் அவளே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய் வளர்ப்பது என்று பேச்சு முடிந்தது. "மனசப் போட்டு ஒழப்பிக்காதீங்க அண்ணி. நகோமின்னு வைப்போம், இனிமைன்னு அர்த்தமாம். ராணி மாதிரி வளப்பேன்," என்றாள். கெட்டவள் இல்லை. அதனாலேயே மாராளுக்கு இன்னும் வயிறெரிந்தது. பால் கட்டி நெஞ்சு கல்லாய்க் கிடக்க, உபதேசியார் வீட்டுக்கு நடந்தாள்.

"ஐயா, எனக்கு வேற பேர் வைக்க முடியாதுங்களா?"

"ஞானஸ்நானம் ஒரு தரந்தான் தாயி."

"அப்ப, கசந்தாலும் விட்டுட்டுப் போகாம இருக்கிறதுக்கு ஒரு பேரு இருக்குங்களா?"

கிழவர் கொப்பியைத் திறக்கவே இல்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வேதத்துல மாராளோட கடைசிவரைக்கும் நடந்து வந்தவ ஒருத்திதான்," என்று அந்தப் பேரைச் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை போதகர் பேர் கேட்டார். தயானி வாயைத் திறக்குமுன் மாராள், "ரூத்," என்றாள். ரூத் என்றால் தோழி, கூடவே நிற்பவள். பிள்ளையின் தலையில் மூன்று தரம் தண்ணீர் விழுந்தது. வெளியே வந்ததும் கோயில் படியிலேயே உட்கார்ந்து மாராள் பால் கொடுத்தாள். பிள்ளை முகத்தைச் சுளித்தது, உடம்பு சிலிர்த்தது, ஆனால் வாயை எடுக்கவில்லை. தயானி தூக்கப் பார்த்தாள். மாராளின் சேலையைப் பிடித்திருந்த அந்தக் குட்டி விரல்களை, கிரிஷாந்தன் உதவிக்கு வந்தும் பிரிக்க முடியவில்லை. "அவ இங்கயே இருக்கட்டும் அண்ணி," என்று சொல்லிவிட்டுத் தயானி அழுதுகொண்டே மத்தியான பஸ்ஸில் போனாள்.

மாராளின் கசப்பு இன்றுவரை போகவில்லை. ரூத்துக்கு இப்போது நாலு வயது. வேலைக்குப் போகுமுன் மாராள் ஊற்றிக் கொடுக்கிற தேத்தண்ணியில் ஒரு வாய் குடித்துவிட்டுக் கண்ணை இறுக்கி மூடிக்கொள்வாள். "கசக்குதும்மா," என்பாள். பிறகு கோப்பையை நீட்டுவாள். "இன்னும் கொஞ்சம் ஊத்து."