ஒரே ஒயரில் இரண்டு காதுகள்

என் இடது காது போய்க்கொண்டிருக்கிறது என்று நான் முடிவு கட்டியது ஒரு சாயங்காலம், சோபாவில் உட்கார்ந்து சிலேட்டில் படித்துக்கொண்டிருந்தபோது.

சிலேட்டு என்று நாங்கள் சொல்வது என் தம்பியின் பழைய மின்நூல் கருவியை. புதிதாக ஒன்று வாங்கியதும் இதை எங்கள் தலையில் கட்டிவிட்டான். கறுப்பு வெள்ளைத் திரையும் சாம்பல் நிறச் சட்டமுமாகப் பார்க்க அழுது வடியும். ஆனால் அவனுடைய புதியதற்குத் தெரியாத ஒரு வேலை இதற்குத் தெரியும். படித்துக்கொண்டிருக்கும்போதே பாட்டுப் போடும். கீழே உள்ள இரண்டு பொத்தான்களைச் சேர்த்து அழுத்தினால், தம்பி ஏற்றிவைத்த வயலினும் புல்லாங்குழலும் பியானோவும் ஏற்றிய வரிசையிலேயே ஓடும். மறுபடி அழுத்தினால் நிற்கும். என்ன பாட்டு என்றெல்லாம் திரையில் காட்டாது. அது பாட்டுக்கு ஓடும், நாம் பாட்டுக்குப் படிக்கலாம்.

நானும் என் கணவரும் ஒரே புத்தகத்தை ஒரே நேரத்தில் படிக்கிறவர்கள். இதைக் கேட்டவர்களெல்லாம் சிரித்திருக்கிறார்கள். சிரிக்கட்டும். அவர் என் இடதுபுறம் உட்காருவார். சிலேட்டு என் மடியில் இருக்கும். இயர்போன் ஒன்றுதான், ஆளுக்கு ஒரு முனை. சிவப்புப் புள்ளி வைத்தது என் இடது காதுக்கு, புள்ளி இல்லாதது அவருடைய வலது காதுக்கு. நான் பக்கத்தை முதலில் முடித்துவிட்டுக் காத்திருப்பேன். அவர் தலையை ஆட்டியதும் திருப்புவேன். படிக்கும்போது பேசக் கூடாது என்பது வீட்டுச் சட்டம். போட்டவர் அவர்தான். பேசினால் கதை அறுந்துவிடுகிறதாம்.

பாட்டு ஓடும்போது அவருடைய விரல் முழங்காலில் தாளம் போடும். கடைசல் பட்டறையில் நாளெல்லாம் இரும்போடு மல்லுக்கட்டிவிட்டு வருகிற மனுஷனுக்கு இப்படி ஒரு ரசனையா என்று எனக்கு உள்ளூரப் பெருமை.

அன்றைக்குப் புல்லாங்குழல் எங்கோ பக்கத்து வீட்டில் வாசிப்பது போலக் கேட்டது. சத்தத்தைக் கூட்டினேன். கொஞ்சம் கிட்டே வந்தது. ஒரு வாரத்தில் மறுபடி கூட்ட வேண்டியிருந்தது. அவரைப் பார்த்தேன். ஒரு மாற்றமும் இல்லாமல் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். அப்படியானால் பாட்டு சரியாகத்தான் இருக்கிறது, கோளாறு என் காதில்தான் என்று முடிவு கட்டினேன்.

பயப்படக் காரணம் இருந்தது. என் அம்மாவுக்கு என் வயதில்தான் காது மந்தமாகத் தொடங்கியது. அவருக்கும் இடது காதுதான் முதலில். சுற்றி எல்லோரும் பேசிக்கொண்டிருக்க, அம்மா எதற்கு என்று தெரியாமல் சிரிப்பார், தலையை ஆட்டுவார். துக்கம் விசாரிக்க வந்தவர்களிடமும் ஒருமுறை அப்படிச் சிரித்துவைத்தார். அந்தச் சிரிப்பை என்னால் மறக்கவே முடியவில்லை.

இன்னொரு காரணம் என் பிழைப்பு. வழக்கு விசாரணைகளின் ஒலிப்பதிவைக் கேட்டுத் தட்டச்சு செய்து கொடுப்பது என் வேலை. அதனாலேயே அவர் என்னைக் கேலியாக 'வக்கீலம்மா' என்பார். காதில் ஹெட்போன், கைக்கடியில் விசைப்பலகை, காலுக்கடியில் ஒரு மிதி. மிதித்தால் பதிவு ஓடும், எடுத்தால் நிற்கும், குதிகாலால் அழுத்தினால் பின்னுக்குப் போகும். வருஷக்கணக்காக மிதித்து மிதித்து, என் வலது கால் வீட்டில் சும்மா இருக்கும்போதும் எதையாவது மிதித்துக்கொண்டேதான் இருக்கும். காதில் விழாத சொல்லுக்குப் பதிலாக 'தெளிவில்லை' என்று போட வேண்டும் என்பது எங்கள் விதி. ஊகித்து எழுதக் கூடாது. ஒரு சொல்லால் ஒருவர் உள்ளே போகவும் கூடும், வெளியே வரவும் கூடும்.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். எனக்குக் கேட்டதெல்லாம் தெளிவில்லாமல் போனது. ஒரு வரியை நாலு தடவை பின்னுக்குத் தள்ளிக் கேட்டேன். சாட்சி 'வந்தான்' என்றாரா, 'வந்தாள்' என்றாரா என்று ஒரு காலைப்பொழுதே போனது. மேலாளர் என் தாள்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, இந்த மாதம் தெளிவில்லாதவர்களாகவே சாட்சிக்கு வருகிறார்களா என்று கேட்டார். சிரித்துக்கொண்டேதான் கேட்டார். ஆனால் என் பக்கத்து நாற்காலிக்காரியின் தாள்களையும் எடுத்து ஒப்பிட்டுப் பார்த்ததைக் கவனித்தேன். காது போனால் இந்த நாற்காலியும் போகும், எனக்கு வேறு எதுவும் தெரியாது.

இயர்போன் முனையை மாற்றிப் போட்டுப் பார்க்க வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். பார்க்கவில்லை. மாற்றிப் போட்டும் அதே மாதிரி கேட்டால் பிறகு சந்தேகத்துக்கே இடமில்லாமல் போய்விடும். சந்தேகம் இருக்கிறவரைக்கும் கொஞ்சம் நம்பிக்கையும் இருந்தது. பூனை கண்ணை மூடிக்கொண்டதைப் போலத்தான், தெரியும். அவரிடமும் சொல்லவில்லை. சொன்னால் மனுஷன் சோற்றைத் தள்ளிவைத்துவிட்டு உட்கார்ந்துவிடுவார்.

சாயங்காலம் சிலேட்டை எடுப்பதே தண்டனையாகிவிட்டது. கண் வரிகளின் மேல் ஓடும், மனசு காதில் கிடக்கும். கதையில் யார் யாரைக் கட்டிக்கொண்டார்கள், யார் செத்தார்கள் என்பதே தெரியாமல் பக்கங்கள் போயின. அவர் தலையை ஆட்டுவார், நான் திருப்புவேன்.

கடைசியில் ஒருநாள் அலுவலகத்தில் பல்வலி என்று பொய் சொல்லிவிட்டுக் காது டாக்டரிடம் போனேன். ஒரு சின்னக் கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, சத்தம் கேட்கும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். கேட்காமல் போய்விடுமோ என்ற பதற்றத்தில் நான் அழுத்திக்கொண்டே இருந்தேன். டாக்டரம்மா கதவைத் திறந்து, இன்னும் ஆரம்பிக்கவே இல்லை என்றார். திரும்ப முதலிலிருந்து வைத்தார்கள். கண்ணை மூடிக்கொண்டேன். உள்ளங்கை வியர்த்துப் பொத்தான் வழுக்கியது.

பாட்டு மங்கிய கதையை முன்பே கேட்டிருந்த டாக்டரம்மா முடிந்ததும், "ரெண்டு காதும் கிண்ணுன்னு இருக்கும்மா. உங்க இயர்போனைத் தொடச்சு எவ்வளவு நாளாச்சு?" என்றார்.

வீட்டுக்கு வந்து ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தேன். சிவப்புப் புள்ளி முனையின் சல்லடை முழுக்க அழுக்கு அடைத்திருந்தது. என் காது அழுக்குதான். வலது காதில் வைத்துப் பார்த்தேன், அதே கிணற்றுச் சத்தம்தான். புள்ளி இல்லாததை இடது காதில் வைத்தேன். புல்லாங்குழல் என் தலைக்குள்ளேயே வாசித்தது. கொஞ்ச நேரம் அழுதேன். அப்புறம் எனக்கே சிரிப்பு வந்தது. இத்தனை நாள் செத்துப் பிழைத்தேனே, இவருக்கு இதை ஒரு வேடிக்கையாகக் காட்டிவிட்டுத்தான் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன்.

சல்லடையைச் சுத்தம் செய்யாமல் அப்படியே வைத்தேன். அவர் பட்டறையிலிருந்து வந்து குளித்துவிட்டு இடதுபுறம் உட்கார்ந்ததும், சிவப்புப் புள்ளியை அவரிடம் நீட்டினேன். கவனிக்காமல் வாங்கிக் காதில் வைத்துக்கொண்டார். பொத்தான்களை அழுத்தினேன். 'என்னடி இது, ஒண்ணுமே கேக்கல' என்று இதோ சொல்லப் போகிறார், சட்டத்தை அவரே மீறப் போகிறார் என்று காத்திருந்தேன்.

அவர் விரல் முழங்காலில் தாளம் போடத் தொடங்கியது.

ஒரு பக்கம் முடிந்து தலையை ஆட்டினார். திருப்பினேன். என் காதில் பியானோ முடிந்து வயலின் ஆரம்பித்தது. அவர் விரல் நிற்கவே இல்லை. இரண்டு பொத்தான்களையும் சேர்த்து அழுத்திப் பாட்டையே நிறுத்தினேன். ஒயரில் ஒன்றுமே இல்லை. அவர் தாளம் போட்டுக்கொண்டிருந்தார்.

அவர் கண் போகிற இடத்தை அப்போதுதான் பார்த்தேன். வரிக்கு ஒருமுறை அது திரையிலிருந்து இறங்கி, தரையில் ஆடிக்கொண்டிருந்த என் வலது காலைத் தொட்டுவிட்டு ஏறியது. காலை நிறுத்தினேன். விரல் நின்றது. காலை ஆட்டினேன். விரல் ஆடியது.

அவர் தெருவில் எப்போதும் எனக்கு வலதுபுறமாகத்தான் நடப்பார். வண்டிகள் எந்தப் பக்கம் வந்தாலும் சரி. பெண்டாட்டியை லாரிக்குத் தாரை வார்க்கிறீர்களா என்று எத்தனையோ முறை கேலி செய்திருக்கிறேன். அப்படி நடந்தால் அவருடைய இடது காது என் பக்கம் இருக்கும். சோபாவிலோ என் பக்கம் இருப்பது கேட்காத வலது காது. படிக்கும்போது பேசக் கூடாது என்ற சட்டமும் எதற்கென்று இப்போது புரிந்தது. அம்மாவின் சிரிப்பை அவ்வளவு நன்றாக அறிந்த நான், பக்கத்திலேயே அது உட்கார்ந்திருந்ததைப் பார்க்கவில்லை. என் காதைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்துவிட்டேன்.

எழுந்து போய் அவருக்கு இடதுபுறம் உட்கார்ந்தேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். நான் எதுவும் சொல்வதற்கு முன்பே அவர் முகம் மாறிவிட்டது.

"எப்போலேர்ந்துங்க?" என்றேன்.

காதிலிருந்ததை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பட்டறையில் மோட்டார் வலது காதுப் பக்கம்தான் இருக்கிறது, கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விட்டது, எப்போது என்று அவருக்கே தெரியவில்லை என்றார். பட்டறையில் எல்லோரும் கத்தித்தான் பேசுவார்கள், அதனால் யாருக்கும் தெரியாதாம். "உங்கம்மாவைப் பத்தி நீ பேசும்போதெல்லாம் உன் மூஞ்சியைப் பார்த்திருக்கேன். எப்படிச் சொல்றது?"

எனக்குக் கோபம் வந்தது, அழுகையும் வந்தது. நாளைக்கு லீவு போடுங்கள், என்னோடு வருகிறீர்கள் என்று மட்டும் சொன்னேன். தலையை ஆட்டினார்.

புள்ளி இல்லாத முனையை எடுத்து அவருடைய இடது காதில் நானே வைத்தேன். பாட்டைப் போட்டேன். அவர் விரல் பழக்கத்தில் முழங்காலுக்குப் போய், ஒன்றிரண்டு தட்டுத் தட்டிவிட்டு நின்றது. அப்படியே கேட்டுக்கொண்டிருந்தார். வெகுநேரம் கேட்டார்.

"இது இவ்வளவு மெதுவான பாட்டா?" என்றார். "முன்னெல்லாம் உன் காலும் இப்படித்தான் ஆடும். இப்போ கொஞ்ச நாளா ஒரே ஓட்டம். தம்பியோட பாட்டுல வேகமான பாட்டெல்லாம் வந்திருக்குன்னு நினைச்சுட்டேன்."

என் காலைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"வக்கீலம்மா, இத்தனை நாளா நீ எதுக்குப் பயந்துகிட்டிருந்தே?"

சிலேட்டை மூடி ஓரமாக வைத்துவிட்டு, அவருடைய நல்ல காதுப் பக்கம் நெருங்கி உட்கார்ந்து, முதலிலிருந்து சொன்னேன்.