கரிப்பெட்டி

அப்பா எண்ணெய்ப் புட்டியின் மூக்கைப் பொம்மை ரயில் இன்ஜினின் முன்சக்கரத்துக்கு நேராகப் பிடித்து, மூச்சை அடக்கிக்கொண்டு ஒரு சொட்டு விட்டார். ஆறாவது சொட்டு. சக்கரம் பளபளத்தது. சுவிட்சைத் திருகினார். இன்ஜின் அசையவில்லை.

"நாலு மணிக்கு வண்டி வந்துடும்ப்பா," என்றாள் மகள், கதவருகே நின்றபடி. "வந்தவங்க எல்லாம் உங்களைத்தான் கேக்கறாங்க. கூடத்துக்கு வாங்க."

"ஒரு சுத்து ஓடட்டும். அவ கிளம்பறதுக்குள்ள ஒரே ஒரு சுத்து."

அம்மா அன்று விடியற்காலையில் இறந்துபோயிருந்தாள். கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். கூடத்துக்கும் ரயில் அறைக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர். முப்பது வருடமாக அம்மா எந்த வேலையாக இருந்தாலும் ஒரு காதை இந்த அறைப்பக்கம் வைத்திருப்பாள். கடகடவென்ற சத்தம் நின்ற மறுநொடி, சுவருக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வரும்: "என்ன, நின்னுடுச்சா?"

அம்மாவின் அக்கா எட்டிப் பார்த்தாள். "நல்லா இருக்கு கூத்து! அவ அங்க படுத்திருக்கா, இவருக்கு ரயில் வண்டி கேக்குதா?" என்று சொல்லிவிட்டுப் போனாள். பெரியம்மா சொன்னதில் தப்பொன்றும் இல்லை என்றுதான் மகளுக்கும் பட்டது.

அறையை அடைத்துக்கொண்டு ஒரு பெரிய மேஜை. அதன்மேல் இருந்த மலை, குகை, நிலையம், பொத்தான் அளவு கடிகாரம் எல்லாம் அப்பாவின் கைவண்ணம். குடிநீர் வாரியத்தில் வரைபடக்காரராக இருந்தவர். மாதிரி ரயில் சங்கத்துக்குப் பதினோரு வருடம் தலைவர். அந்த மேஜைக்கு அடியில் இருந்ததெல்லாம் அம்மாவுடையது. மின்விசிறித் தொழிற்சாலையில் மோட்டாருக்குச் செப்புக் கம்பி சுற்றியவள் அவள். கண்காட்சிகளில் அப்பா மைக்கைப் பிடித்துக்கொண்டு அரைமணி நேரம் வெளுத்து வாங்குவார். மேஜைக்கு அடியிலிருந்து இரண்டு கால்கள் மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும். கைதட்டல் முடிந்ததும் அந்தக் கால்கள் வெளியே வந்து, புடவையைத் தட்டிவிட்டுக்கொண்டு, தேநீர் எங்கே கிடைக்கும் என்று விசாரிக்கும். அதில் அம்மாவுக்கு ஒரு குறையும் இருந்ததில்லை. பரிசுக் கேடயத்தைத் துடைத்து ஆணியில் மாட்டியதும் அவள்தான்.

அப்பா எண்ணெய் விட்டுக்கொண்டிருந்த பச்சை இன்ஜினும் அப்படித்தான். நிஜ ரயிலில் இன்ஜின் இழுக்கும், கரி ஏற்றிய பெட்டி பின்னால் வரும். இந்தப் பழைய மாதிரியில் இன்ஜினுக்குள் இடம் போதாமல் மோட்டாரைக் கரிப்பெட்டிக்குள் வைத்துவிட்டார்கள். புகைபோக்கியும் நம்பருமாக முன்னால் ஜம்மென்று போவது இன்ஜின். அதை முதுகில் கைவைத்துத் தள்ளிக்கொண்டு போவது கரிப்பெட்டி. பார்க்கிறவர்களுக்கு இது தெரியாது. அப்பாவுக்குத் தெரியும். கல்யாணமான புதிதிலேயே அம்மாவுக்குக் 'கரிப்பெட்டி' என்று பெயர் வைத்துவிட்டார். கேட்கிறவர்கள் திட்டுகிறார் என்று நினைப்பார்கள். அம்மா சிரிப்பாள்.

"அப்பா, மோட்டார் இன்ஜின்ல இல்லையே. கரிப்பெட்டியிலதானே இருக்கு?"

"தெரியும்."

"பின்ன ஏன் இதுக்கு எண்ணெய் விடறீங்க?"

அப்பா புட்டியை மூடினார். "அந்த மோட்டார் போன மாசமே எரிஞ்சு போச்சும்மா. மூணு தடவை உங்கம்மா கம்பி சுத்திக் குடுத்தா. இந்தத் தடவை கை நடுங்குது, இனிமே என்னால ஆகாதுன்னுட்டா. அதை எப்படித் திறக்கறதுன்னுகூட எனக்குத் தெரியாது. எண்ணெய் விடத்தான் தெரியும்."

நாலு நாளில் மகள் ஊருக்குத் திரும்பியாக வேண்டும். இந்த மனிதரை யார் பார்த்துக்கொள்வது? மருந்துச்சீட்டு எந்த அலமாரியில் இருக்கிறது என்பதுகூட இவருக்குத் தெரியாது. காலையிலிருந்து அவள் அழுததில் பாதி அம்மாவுக்காக, பாதி இந்தக் கேள்விக்காக.

அந்த நேரத்தில்தான், அம்மாவை 'அக்கா' என்று கூப்பிடும் ரயில்பொம்மைக் கடைக்காரர் வந்தார். கூடத்தில் அம்மாவின் காலடியில் கொஞ்சநேரம் நின்றுவிட்டு, கைப்பையோடு அறைக்குள் வந்தார். இரண்டு பெட்டிகளை மேஜைமேல் வைத்தார்.

"அக்கா சொல்லி வெச்சிருந்தாங்க சார். இந்த நேரத்துல கொண்டு வரலாமான்னு இருந்துது. இது உங்க மாதிரியேதான், பழசு. ஒருத்தர் வீட்டுல அலமாரியை விட்டே இறங்காம இருந்தது. இது இந்த வருஷம் வந்த புதுசு. அதே இன்ஜின், அதே நம்பர், அதே பச்சை."

"பழசைக் குடு," என்றார் அப்பா, நிமிர்ந்துகூடப் பார்க்காமல்.

புதுசைப் பற்றி அவர் சங்கத்தில் ஒரு பிரசங்கமே செய்திருக்கிறார். சத்தமே வராதாம். "அது ரயிலா, பூனையா?" என்று கேட்டு எல்லோரையும் சிரிக்க வைத்தவர்.

கடைக்காரர் மகளைப் பார்த்தார். அவள் அவரோடு நடைக்கு வந்தாள்.

"அக்கா பழசைத் திருப்பி அனுப்பச் சொல்லிட்டாங்கம்மா," என்றார் அவர் தணிந்த குரலில். "சாருக்குப் புதுசு பிடிக்காதேன்னு நான்தான் மனசு கேக்காம ரெண்டையும் எடுத்துட்டு வந்தேன். போன வாரம் போன்ல ஒரே ஒரு கேள்வி கேட்டாங்க. 'புதுசுல கரிப்பெட்டியைக் கழட்டிட்டா, இன்ஜின் தனியா ஓடுமா?' ஓடும் அக்கா, மோட்டார் இன்ஜினுக்குள்ளயே இருக்குன்னேன். அப்புறம், 'அதையே குடுத்துடு. முதல்ல முறைப்பாரு, அப்புறம் பழகிடுவாரு'ன்னாங்க."

மகள் சுவரில் சாய்ந்துகொண்டாள். படுக்கையிலிருந்து எழுந்து உட்காரவே இரண்டு பேர் தாங்க வேண்டியிருந்த வாரம் அது. அந்த வாரத்திலும் அம்மா மேஜைக்கு அடியில்தான் இருந்திருக்கிறாள். எப்பேர்ப்பட்ட மனுஷி!

சொல்லாமல் விட்டுவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. பழசோடு அவர் பாட்டுக்கு இருக்கட்டும். ஆனால் அதுவும் ஒருநாள் எரிந்துபோகும். அப்போதும் அவர் முன்சக்கரத்துக்கு எண்ணெய் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

உள்ளே போய், அம்மா கேட்ட கேள்வியை வார்த்தை மாறாமல் அப்படியே சொன்னாள்.

அப்பா பழைய இன்ஜினைப் பெட்டியிலிருந்து பாதி எடுத்திருந்தார். கை அப்படியே நின்றது. பிறகு அதை உள்ளே வைத்து மூடிவிட்டு, மற்ற பெட்டியைப் பிரித்தார்.

ஓடாத இன்ஜினையும் அதன் கரிப்பெட்டியையும் மேஜை ஓரத்தில் எடுத்து வைத்தார். புது இன்ஜினைத் தனியாகத் தண்டவாளத்தில் வைத்துச் சுவிட்சைத் திருகினார். ஓடியது. மலையைச் சுற்றி, குகைக்குள் புகுந்து, நிலையத்தைத் தாண்டி முழுதாக ஒரு சுற்று வந்தது. அறைக்குள்ளேயே சத்தம் கேட்கவில்லை.

"இது அவளுக்குக் கேக்காதே," என்றார் அப்பா.

இன்ஜினை நிறுத்தினார். அதனோடு வந்த புதுக் கரிப்பெட்டியை அவர் தொடவில்லை. எரிந்துபோன பழைய கரிப்பெட்டியை, அம்மா மூன்று முறை கம்பி சுற்றிய அதே பெட்டியை, மேஜையிலிருந்து எடுத்து இன்ஜினுக்குப் பின்னால் கொண்டுவந்தார். கொக்கி இரண்டு முறை நழுவியது. மகள் உதவ வரவில்லை. மூன்றாம் முறை மாட்டிக்கொண்டது.

இன்ஜின் திணறிக்கொண்டு இழுத்தது. கரிப்பெட்டியின் சக்கரங்கள் உருள, உள்ளே பற்சக்கரங்களும் சேர்ந்து சுழன்றன. கடகடவென்று அதே சத்தம் எழுந்தது. கூடத்தில் பேசிக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராகப் பேச்சை நிறுத்தினார்கள். பெரியம்மாவின் குரலும் நின்றது.

குகைவாயில் மேட்டில் பாரம் தாங்காமல் இன்ஜின் நின்றுவிட்டது.

அப்பா சுவரைப் பார்த்தார். மகளும் பார்த்தாள். அந்தப் பக்கமிருந்து யாரும் எதுவும் கேட்கவில்லை.

அவர் குனிந்து, கரிப்பெட்டியின் பின்னால் ஒரு விரலை வைத்து, மெதுவாகத் தள்ளினார்.