கதையோடு சேர்த்துச் சொன்ன விலாசம்

சனிக்கிழமை காலை ஆனால் போதும், தையலக்காவின் ஜன்னலுக்குக் கீழே ஒரு கூட்டம் வந்து நின்று அண்ணாந்து பார்க்கும். அந்த ஊரில் தடுக்கி விழுந்தால் ஒரு எழுத்தாளர் சிலை. அவர்கள் வாழ்ந்த வீடுகளையும் கதையில் எழுதிய வீடுகளையும் சுற்றிக்காட்டுகிற வழிகாட்டிக்குக் குடைக்காரர் என்றே பெயர் வந்துவிட்டது. மடக்கிய குடையைத் தூக்கி, "நம்ம ஊர்ல சிலையா நிக்கிறாரே, அந்தப் பெரியவர் எழுதின நாவல்ல, கப்பலுக்குப் போனவனுக்காக அந்தப் பொண்ணு காத்துக்கிட்டிருந்தாளே, அது இந்த மூணாவது மாடி ஜன்னல்தான். மீதியைப் புத்தகத்துல படிச்சுக்குங்க," என்பார். கூட்டம் உச்சுக்கொட்டும். மேலே யாருடைய காற்சட்டைக்கோ ஓரம் மடித்துக்கொண்டிருப்பவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

வராதா பின்னே? அவள் வீட்டுக்காரரும் கப்பலுக்குத்தான் போயிருந்தார். உப்புச் சப்பில்லாத ஒரு சண்டை. முறுக்கிக்கொண்டு கப்பலில் சமையல் வேலைக்குக் கிளம்பிவிட்டார் மனுஷர். கொஞ்ச காலம் போன் வந்தது, பிறகு அதுவும் நின்றது. அவருக்குத் தெரிந்த விலாசம் இது ஒன்றுதான். அதனால்தான், அவர் போன பிறகு இந்த ஊருக்குக் குடிவந்த தங்கை எத்தனை முறை கூப்பிட்டும் இவள் அசையவில்லை.

அந்த விலாசத்துக்கும் வந்தது வினை. வாராவாரம் கூடுகிற கூட்டத்தைப் பார்த்த கட்டட முதலாளிக்கு மூளை வேலை செய்தது. நாவலில் வரும் பெண்ணின் பெயரிலேயே ஒரு லாட்ஜ் கட்டப்போகிறாராம். மற்ற குடித்தனக்காரர்கள் ஒவ்வொருவராகக் காலி செய்துகொண்டு போய்விட்டார்கள். முதலாளிக்கோ இவள் முகம்கூடச் சரியாகத் தெரியாது.

இவளையும் காலி செய்யச் சொல்லி ஆள் வந்த வாரம் தையலக்கா விடுவிடுவென்று படியிறங்கினாள். கூட்டம் எதிர்க்கடைக்குக் காபி குடிக்கப் போயிருந்தது. குடைக்காரர் தனியாக மாட்டிக்கொண்டார்.

"ஐயா, உங்க கதையால என் வீடு போச்சு."

விஷயத்தைக் கேட்டதும் மனிதர் முகம் தொங்கிப்போயிற்று. "உண்மையைச் சொல்லிடறேம்மா. நாவல்ல வர்ற வீடு இது இல்ல. அதை இடிச்சு பேங்க் கட்டிட்டாங்க. பேங்கைக் காட்டினா யாருக்கு அழுகை வரும்? நீங்க ஜன்னலோரமா உக்காந்து தைச்சுக்கிட்டிருந்தீங்க. பொருத்தமா இருந்துச்சு, கையைக் காட்டிட்டேன்."

அவரை நார்நாராகக் கிழிக்கத்தான் இறங்கி வந்தாள். வாயில் வந்ததோ வேறு. "கடைசியில அவன் வந்தானா?"

குடைக்காரர் தயங்கினார். "வந்தாம்மா. அவ வீட்டைக் காலி பண்ணிட்டுப் போன மறுநாள் வந்தான். அவ போன இடத்தைச் சொல்ல அங்க ஒரு ஆளில்ல."

தையலக்கா வாசல்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"கதைதானேம்மா. நம்மள அழவைக்கத்தான் அப்படி எழுதிட்டுப் போயிட்டார்."

"அவருக்கென்ன, எழுதிட்டுப் போயிட்டார், சிலையும் வெச்சாச்சு. நான் போன மறுநாள் எங்க வீட்டுக்காரர் வந்து நின்னா?"

அவளுக்கு வீட்டுக்காரர் வேண்டும், அவ்வளவுதான். கோபம், ரோஷம் எல்லாம் எப்போதோ கரைந்துபோயிருந்தது. குடைக்காரரை நிமிர்ந்து பார்த்து, "நீங்க வாராவாரம் இங்க வரத்தானே போறீங்க? ஒரு உபகாரம் பண்ணுங்க. கதையைச் சொல்லி முடிச்சதும் என் தங்கச்சி வீட்டு விலாசத்தையும் சேர்த்துச் சொல்லுங்க. சத்தமாச் சொல்லுங்க. என்னைக்காவது இவர் இந்தப் பக்கம் வந்து ஓரமா நின்னா, காதுல விழட்டும்," என்றாள்.

குடைக்காரர் சொன்ன சொல் தவறவில்லை. அவள் காலி செய்துபோன பிறகு வாராவாரம் ஆளில்லாத ஜன்னலை நோக்கிக் குடையைத் தூக்கிக் கதையை முடித்து, "இங்க இருந்த தையலக்கா இப்ப பெரிய மார்க்கெட்டுக்குப் பின்னால, பேக்கரி மாடியில குடியிருக்காங்க," என்று தொண்டை கிழியக் கத்தினார். கூட்டம் அதையும் நாவல் என்றே எண்ணிக்கொண்டது.

தங்கை வீட்டில் ஒரு குறையும் இல்லை. ஆனால் சனிக்கிழமை வந்தால் தையலக்காவுக்குக் கை ஓடாது. "அக்கா, சட்டையோட சேர்த்து விரலையும் தைச்சுடாதே," என்று தங்கை கிண்டல் செய்வாள். மாமா வந்தால் இரண்டு நாளைக்குப் பேசாமல் இருந்து பழிவாங்கு என்றும் சொல்லிக்கொடுப்பாள். அக்காவும் சரி என்பாள். இரண்டு நிமிஷம்கூட முடியாதென்று இருவருக்குமே தெரியும்.

ஒரு சனிக்கிழமை மதியம் அழைப்புமணி அடித்தது. கழுத்தில் தொங்கிய அளவு நாடாவோடு, செருப்புகூடப் போடாமல் படியெல்லாம் தடதடவென்று இறங்கி ஓடிக் கதவைத் திறந்தாள்.

இளம் தம்பதி. பெண்ணின் கையில் அந்த நாவல். "கதையில வர்ற தையலக்கா வீடு இதுதானே? உள்ள வந்து பாக்கலாமா?"

வேறு நாளாக இருந்தால் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டு போயிருப்பார்கள். இப்போதோ அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க நின்ன கூட்டத்துல தனியா ஒருத்தர் இருந்தாராம்மா? உயரமா, லேசாக் கூன் போட்டு. ஒரு காது மந்தம், தலையைச் சாய்ச்சு வெச்சுத்தான் கேப்பார்."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பாவம், உண்மையாகவே யோசித்துப் பார்த்தார்கள்.

"எங்களுக்குப் பின்னால யாரோ நின்ன மாதிரி இருந்துச்சு," என்றான் அவன்.

"யாருன்னு திரும்பிப் பாக்கலையேக்கா," என்றாள் அந்தப் பெண். "எல்லாரும் அந்த ஜன்னலைத்தான் பாத்துக்கிட்டிருந்தோம்."